முதல் வரிசைக்கு ரசம்

என் மகனுக்கு வேலை கிடைக்காதது ஊர்ப்பேச்சாக மாறுவதற்கு முன், மட்டாஞ்சேரியில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எர்ணாகுளத்துக் கல்லூரி ஒன்றில் பொருளாதாரம் படித்து முதல் வகுப்பில் தேறியவன் நான். மிளகும் ஏலமும் ஏற்றுமதி செய்த ஒரு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்து, அலுவலக மேலாளராக ஓய்வு பெற்றேன். கப்பலில் இடம் கிடைக்குமா, சரக்கை எப்போது கிடங்கிலிருந்து எடுக்கலாம் என்று கடைத்தெருவின் பெரிய வியாபாரிகள் என் மேசைக்கு வந்து கேட்டுப் போவார்கள். தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களுக்கென்று இங்கே ஒரு சமூக மடம் உண்டு. அப்போது அதற்கு நான் தலைவன். தேர்தல் என்று பெயருக்கு ஒன்று நடக்கும். அதுவரை என்னை எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வந்ததில்லை.

மகன் கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, அதற்கு மேல் எம்.டெக். முடித்தான். என் பணிக்கொடை முழுவதும் மனைவியின் இதய சிகிச்சைக்குப் போய்விட்டபடியால், படிப்புக்கு வங்கியில் கடன் வாங்கினோம். கடன் அவன் பெயரில். இணைக் கடனாளி நான். இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. நாட்டில் சட்டப்படி நடக்கும் ஒரு வங்கி, சட்டப்படி ஒரு மாணவனுக்குக் கொடுத்த கடன் அது. மறைப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

படிப்பு முடிவதற்கு முன்பே ஒரு பெரிய நிறுவனம் அவனைத் தேர்ந்தெடுத்து, வேலைக்கான கடிதத்தையும் கொடுத்துவிட்டது. மனைவி கோயிலில் பாயசம் வைத்தாள். பிறகு, சேரும் நாளைத் தள்ளி வைத்திருப்பதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. அதையே வேறு சொற்களில் சொல்லும் மின்னஞ்சல்கள் தொடர்ந்து வந்தன. கடைசியாக வந்தது, உலகச் சந்தை நிலவரத்தைக் காரணம் காட்டி, அவனுடைய எதிர்காலத்துக்கு வாழ்த்துச் சொல்லி முடித்துக்கொண்டது. அதற்குள் தவணை கட்டத் தொடங்க வங்கி கொடுத்திருந்த அவகாசமும் முடிந்திருந்தது.

அதன் பிறகு அவன் ஏறி இறங்காத இடமில்லை. காலையில் படகேறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து கணினி நிறுவனங்கள் இருக்கும் காக்கநாடு போவான். மாலையில் சட்டையின் மடிப்புக் கூடக் கலையாமல் திரும்பி வருவான்; உள்ளே கூப்பிடாமலேயே அனுப்பிவிட்டார்கள் என்று அதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். சில நிறுவனங்கள் அனுபவம் இல்லை என்றன. சில, இந்த வேலைக்கு இவ்வளவு படிப்பு வேண்டாம் என்றன. ஒரு முறை வீட்டிலிருந்தே கணினி வழியாக நேர்காணல் நடந்தது. பக்கத்துக் கிடங்கில் அரிசி லாரி வந்து நின்று, சுமைக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு மூட்டை இறக்கிய நேரம் அது. நேர்காணல் செய்தவர், மார்க்கெட்டில் உட்கார்ந்துகொண்டா பேசுகிறீர்கள் என்று கேட்டார். "ஆமாம் சார், மார்க்கெட்தான். நான் பொறந்ததே இங்கேதான்" என்றான் என் மகன். அந்த வேலை கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவனிடம் சொன்னேன்.

வங்கியிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. மென்மையான குரலில் மலையாளம் பேசும் ஒரு பெண், சார் சார் என்று மரியாதை குறையாமல், நிலுவையை நினைவூட்டுவாள். நான் ஒரு முறையும் எடுக்காமல் இருந்ததில்லை. நான் வீட்டில் இல்லை என்று சொல்ல மனைவியை அனுமதித்ததும் இல்லை. அந்தப் பெண்தான் ஒரு நாள் எனக்கு ஒன்றை விளக்கினாள். அந்த மாத முடிவுக்குள் நிலுவை தீராவிட்டால் கணக்கு வாராக்கடன் என்று பதிவாகிவிடும். பல நிறுவனங்கள் இப்போது வேலை கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவையும் பார்க்கின்றன. கடனை அடைக்க வேலை வேண்டும். கடன் நின்றுபோனால் வேலையும் வராது. என் மகன் நின்றிருந்த இடம் அதுதான்.

தனியார் நிறுவனத்தில் உழைத்தவனுக்கு அரசு கொடுக்கும் ஓய்வூதியம் மருந்துக் கடைக்கே சரியாகப் போகும். இருந்தும் என்னால் முடிந்ததைத் தனியாக எடுத்து வைத்தேன். மீதிக்கு மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஒரு நாள் சாப்பிட்டு எழுந்ததும் நேராகவே சொன்னான்.

"அப்பா, கேட்டரிங்குக்குப் போறேன். கல்யாணத்துல வெளம்பற வேலை. இடக்கொச்சியில ஒரு சேட்டன் ஆள் எடுக்கறார்."

விளம்புவது என்றால் எங்கள் பேச்சில் பந்தியில் பரிமாறுவது. கேரளத்தில் கல்லூரிப் பிள்ளைகள் பலரும் கைச்செலவுக்குச் செய்யும் வேலைதான். எம்.டெக். படித்தவன் செய்வது வழக்கமா என்று எனக்குத் தெரியாது. எங்கே என்று மட்டும் கேட்டேன். திருப்பூணித்துறை, ஆலுவா, எங்கே முகூர்த்தமோ அங்கே என்றான். சரி, நம் மடத்துக்கு மட்டும் வேண்டாம் என்றேன். அவனும் தலையசைத்தான். அந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் பொருந்தியது.

ஒப்பந்தக்காரரை ஒரு முறை படகுத்துறையில் பார்த்தேன். தாமாகவே வந்து அறிமுகம் செய்துகொண்டார். "சாரே, மோன்டெ கை நல்ல கையா. ஒரு துள்ளி தாழெ வீழில்ல" என்றார். மகனுக்கு நல்ல கையாம், ஒரு சொட்டும் கீழே விழுவதில்லையாம். நான் நன்றி சொன்னேன். அவருடைய கட்டுப்பாட்டைப் பற்றியும் சொன்னார்: முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு வராமல் நின்றவனை அந்த மாதம் மறுபடி கூப்பிடுவதில்லை.

வங்கி கெடு வைத்த அந்த மாதம்தான் எங்கள் மடத்தின் பொருளாளர் தம் மகளின் கல்யாணத்தை மடத்திலேயே நிச்சயித்தார். அரிசி மொத்த வியாபாரம் செய்பவர். என்னைவிட வயதில் இளையவர். என்னை அண்ணா என்று அழைப்பவர். சமையலுக்குப் பாலக்காட்டிலிருந்து நம் ஆட்கள். முன்பெல்லாம் குடும்பத்து இளைஞர்களே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விளம்புவார்கள். இப்போது அந்த இளைஞர்கள் டொரான்டோவிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஆகவே விளம்புவதற்கு இடக்கொச்சி ஒப்பந்தக்காரருக்குச் சொல்லியிருந்தார். அந்த ஆட்களில் என் மகனும் ஒருவன் என்பதை அவர் பிறகுதான் அறிந்துகொண்டார்.

ஒரு மாலை வீட்டுக்கு வந்தார். மனைவி சாயா கொண்டுவந்து வைத்தாள். அரிசி விலை, மழை, சென்னையிலிருந்து வரும் சம்பந்தி வீட்டாரின் பெருமை எல்லாம் பேசி முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணா, நம்ம வித்யா நிதி எதுக்காக்கும் இருக்கு? நம்ம கொழந்தைகளுக்குத்தானே. பாங்குல பாக்கி என்ன உண்டோ அதை மடம் கட்டட்டும். பையன் அன்னிக்கு மண்டபத்துப் பக்கம் வர வேண்டாம்."

"அவன் அங்க திருட வரல்லை. வெளம்ப வரான்."

"அதேதான் அண்ணா சொல்றேன். தலைவரோட பிள்ளை பக்கெட்டைத் தூக்கிண்டு நின்னா சம்பந்திக்காரா என்ன நெனப்பா? உங்களுக்கு மட்டுமா கொறச்சல்? எங்க எல்லாருக்கும்தானே."

படிப்புச் செலவுக்கு மடம் கொடுக்கும் உதவிதான் வித்யா நிதி. அதைப் பெறுபவர்களின் பெயரும் வீட்டுப் பெயரும் ஆண்டுக் கூட்டத்தில் மேடையில் வாசிக்கப்படும். பெறுபவர் மேடையேறிக் கவரை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான். ஆண்டுதோறும் பெயர்களை வாசித்தவனும் நான். இன்றும் அது சரியான விதி என்றே கருதுகிறேன். கொடுப்பவர்களுக்குத் தங்கள் பணம் எங்கே போகிறது என்று அறிய உரிமை உண்டு. என் மகனின் பெயரும் வாசிக்கப்படுமா என்று கேட்டேன். விதி விதிதானே அண்ணா, நீங்களே போட்டதாச்சே என்று சிரித்தார்.

"அந்த நிதி அப்பன் இல்லாத கொழந்தைகளுக்கு. எம்பிள்ளைக்கு அப்பன் இருக்கான்" என்றேன்.

"இருந்து என்ன அண்ணா? பாங்குக்காரா கூப்பிடறது அந்த அப்பனைத்தானே."

"கூப்பிடட்டும். நான் எடுத்துப் பேசிண்டுதான் இருக்கேன். நீர் சாயாவைக் குடியும், ஆறிடும்."

அவர் குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துத்தான் சொன்னேன் என்றேன்.

அவர் போன பிறகு மனைவி என்னிடம், "நீங்க சொன்னது சரிதான். ஆனா அவனைக் கேட்டேளா?" என்றாள். நியாயமான கேள்வி. மகன் உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தான். வெளியே வந்து, அந்தப் பணம் தனக்கு வேண்டாம் என்றான். ஆனால் அன்று போகாமல் நின்றால் அந்த மாதத்தின் மற்றக் கல்யாணங்களும் போய்விடும், நிலுவை தீராது. போனால் எனக்குத் தலைகுனிவு. ஒப்பந்தக்காரரிடம் கேட்டுச் சமையலறைப் பக்கம் நின்றுகொள்கிறேன், முன்னால் வரமாட்டேன் என்று அவனே ஒரு சமாதானமும் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

நான் அவனிடம் முன்பு விதித்த நிபந்தனையை அப்போது திரும்பப் பெற்றுக்கொண்டேன். நானே வைத்த நிபந்தனை. அதை எடுக்கும் அதிகாரமும் எனக்கு உண்டு.

"சமையல்கட்டுல ஒளிஞ்சுண்டு நிக்க வேண்டாம். முதல் வரிசைக்கு நீ வெளம்பு. நான் அங்கதான் இருப்பேன்" என்றேன்.

கல்யாணத்தன்று மடத்துக்கு வழக்கமான உடையில் போனேன். வழக்கம்போல் வாசலில் நின்று சம்பந்தி வீட்டாரை வரவேற்றேன். தாலி கட்டியானதும் முதல் பந்திக்கு அழைத்தார்கள். எங்கள் மடத்தில் முதல் வரிசை மூத்தவர்களுக்கு. அதன் முதல் இலையில் வயதில் மூத்தவர் உட்காருவார். அன்று அது நான். முழங்கால் இடம் கொடாததால் தரையிலிருந்து மேசைக்கு மாறிவிட்டோமே தவிர, பந்தியின் முறை மாறவில்லை. முதல் இலைக்காரர் உண்டு முடித்து எழும்வரை அந்த வரிசையில் ஒருவரும் எழக்கூடாது. சாப்பாடு முடிந்தவர்கள் கையை இலைக்கு மேல் வைத்தபடி காத்திருப்பார்கள். வரிசை எழுந்த பிறகே இலை எடுத்து, அடுத்த பந்திக்கு இடம் துடைப்பார்கள்.

இலையின் ஓரத்தில் பாயசம் ஒரு துளி வைத்தார்கள், பருப்பும் நெய்யும் வந்தன, சாம்பார் வந்தது. கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையுமாக விளம்பிய பிள்ளைகளில் என் மகனை நான் தேடவில்லை. வருவான் என்று தெரியும். ரச வாளியோடு வரிசையின் கோடியில் அவன் வந்து நின்றபோது, பொருளாளர் குறுக்கே போனார். அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கையை நீட்டிக் கடைசி வரிசையைக் காட்டியது மட்டும் தெரிந்தது. மகன் ஒரு கணம் என் பக்கம் பார்த்துவிட்டு, வாளியோடு பின்னால் போனான்.

பொருளாளரின் அக்காள் மகன் வேறொரு வாளியை எடுத்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தான். பட்டு வேட்டி கட்டியவன், விளம்பிப் பழக்கமில்லாத கை. என் இலைக்கு வந்ததும் நான் இரண்டு கைகளையும் இலைக்கு மேல் விரித்து மறைத்தேன். வேண்டாம் என்பதற்கு எங்கள் முறை அது. அதற்கு மேல் யாரும் வற்புறுத்துவதில்லை. அவன் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

மற்றவர்கள் ரசம் உண்டார்கள். பிரதமன் பாயசம் வந்தது, எனக்கு வேண்டாம் என்றேன். மோர் வந்தது, வேண்டாம் என்றேன். ரசத்துக்காகப் பிசையாமல் வைத்த சோறு என் இலையில் அப்படியே இருந்தது. வரிசை முழுவதும் உண்டு முடித்துவிட்டது. ஒருவர் பின் ஒருவராகக் கைகள் இலைக்கு மேல் நின்றன. விரலில் மோர் காய்ந்தது. பக்கத்து இலைக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியர், என் காதருகே மெதுவாக, "என்ன ஓய், உபவாசமா?" என்றார். ரசம் வரவில்லை என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "மெள்ள வரட்டும். எனக்கும் போற எடமில்லை" என்றார்.

வாசலில் இரண்டாம் பந்திக்கு ஆட்கள் நிரம்பினார்கள். அவர்களில் சம்பந்தி வீட்டாரும் இருந்தார்கள். காலையில் ரயிலிறங்கி, சிற்றுண்டி மட்டும் சாப்பிட்டிருந்தவர்கள். பொருளாளர் வியர்வையோடு வந்து என் இலையருகே குனிந்தார்.

"அண்ணா, சம்பந்திக்காரா நிக்கறா. என்ன வேணும், சொல்லுங்கோ. நானே கொண்டுவந்து விடறேன்."

"ரசம். இந்த வரிசைக்கு வெளம்ப வந்த பையன் கொண்டுவரட்டும்."

"அண்ணா, இது கல்யாண வீடு."

"தெரியும். அதனாலதான் எழுந்திருக்காம உக்காந்திண்டிருக்கேன்."

அவர் நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். அத்தனை மூத்தவர்களும் உலர்ந்த கையோடு அவரையே பார்த்தபடி இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. அவர்கள் என் பக்கம் நின்றார்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு என் மேல் கோபம் இருந்திருக்கும். முறை அவர்களை உட்காரவைத்தது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பொருளாளர் கடைசி வரிசைப் பக்கம் பார்த்துக் கையசைத்தார். மகன் வாளியோடு வந்தான். வேகமாகவும் வரவில்லை, தயங்கியும் வரவில்லை. நான் சோற்றில் குழி செய்தேன்.

"சூடா இருக்குப்பா. கொஞ்சமா விடறேன்."

"நிறைய விடு."

விட்டான். ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மைதான். மேசைமேல் ஒரு சொட்டும் விழவில்லை. பக்கத்து ஆசிரியர், உண்டு முடித்த கையைக் குவித்து நீட்டி, "எனக்கும் ஒரு கரண்டி, கொழந்தே. உன் ரசத்தைக் குடிச்சுப் பார்க்கறேன்" என்றார். மகன் சிரித்துவிட்டான். அன்று அவன் சிரித்தது அப்போதுதான். அவர் கையில் விட்டான். அவர் உறிஞ்சிவிட்டு, உப்பு ஒரு கல் குறைவு, ஆனால் விளம்பினது நன்றாக இருக்கிறது என்றார். நான் ரசம் சாதம் உண்டு, பிரதமன் கேட்டு வாங்கி உண்டு, மோரும் விட்டுக்கொண்டேன். அவசரப்படவில்லை.

அந்த மாதம் அவன் ஒரு முகூர்த்தத்தையும் விடவில்லை. அவனுடைய கூலியும் நான் எடுத்து வைத்திருந்ததும் சேர்ந்து நிலுவை தீர்ந்தது. கணக்கு வாராக்கடனாகப் பதிவாகவில்லை. தொலைபேசிப் பெண் அதைச் சொல்லவும் ஒரு முறை அழைத்தாள். அதையும் எடுத்துப் பேசினேன். பல மாதங்கள் கழித்து இடக்கொச்சியில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில், குளிர்கிடங்குச் சரக்கைக் கணினியில் கண்காணிக்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. அவன் படித்த படிப்புக்கு அது சிறிய வேலை, சம்பளமும் சிறியது. தவணை மாதந்தோறும் அதிலிருந்து போகிறது. முகூர்த்த நாட்களில் இன்னும் விளம்பப் போகிறான். போகாதே என்று நான் சொன்னதில்லை. இதைவிட நல்ல வேலைக்கு இன்னும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறான், கிடைக்கும்வரை விண்ணப்பிப்பான்.

மடத்தின் அடுத்த தேர்தலில் முதன்முறையாக எனக்கு எதிராக ஒருவர் நின்றார். பொருளாளர்தான். ஜெயித்தார். நான் சாவிகளை ஒப்படைத்துவிட்டு, உறுப்பினனாகப் பின் இருக்கையில் உட்கார்ந்தேன். யாரும் என்னை விலக்கவில்லை, நானும் விலகவில்லை. கூட்டங்களுக்கு இன்றும் போகிறேன். கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்கிறேன். பதில் வரும்வரை நின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது மட்டாஞ்சேரியிலும் திருப்பூணித்துறையிலும் உள்ள நம்மவர் வீடுகளில் அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒரு கதை சுற்றி வருகிறது. மகன் வாளியோடு வந்ததைக் கண்டு அவமானம் தாங்காமல் நான் பாதி இலையில் எழுந்து போனேன் என்றும், பிறகு மடம் இரக்கப்பட்டு நிதியிலிருந்து கடனை அடைத்தது என்றும் சொல்கிறார்கள்.

நான் எழுந்து போகவில்லை. மோர் சாதம் வரை உண்டேன். முதல் வரிசை என்னோடுதான் எழுந்தது. மடத்தின் நிதியிலிருந்து என் மகனின் கடனுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. கடன் இன்னும் அடையவில்லை; அதை அவன் கட்டிக்கொண்டிருக்கிறான்.